பொங்கியண்ணன் கைநாட்டு

எலப்புள்ளியில் பொங்கியண்ணன் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் அவர் மகள் கமலாத்தாள்தான் படிப்பாள். பதினோரு வயதில் தலையில் விழுந்த வேலை அது. வரி நோட்டீஸோ, சொந்தக்காரர் கடிதமோ, அவள் படிப்பாள், அப்பா பதில் சொல்லச் சொல்ல எழுதுவாள், அவர் கைநாட்டு வைப்பார். மை ஒட்டிய கட்டை விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். எழுதினதைத் திருப்பிப் படி என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

1975இல் ப்ரீ-டிகிரி கணக்கில் கமலாத்தாள் வாங்கிய மார்க்கை அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தனும் வாங்கவில்லை. இன்ஜினீயரிங்குக்கு விண்ணப்பித்தாள். எங்கே கிடைக்கப்போகிறது என்ற தைரியத்தில் அப்பாவும் கைநாட்டு வைத்தார். வெளியூர்க் காலேஜில் சிவில் பிரிவு கிடைத்தது. பெரியப்பா நஞ்சப்பனின் மகனுக்கும் அங்கேயே கிடைத்தது, அவளைவிட முப்பது மார்க் குறைவாக. அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினான்.

பொங்கியண்ணனுக்குத்தான் தூக்கம் போனது. நூற்றுச் சொச்சம் ஆண்பிள்ளைகள் நடுவில் இரண்டே பெண்கள், அதுவும் ஐந்து வருஷம். படித்து முடித்தவளுக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது? மூன்றாம் நாள் மகளை உட்காரவைத்து, இடம் வேண்டாமென்று எழுதச் சொன்னார். அவர் சொன்னார், அவள் எழுதினாள். எழுதியது வேறு. என் மகள் சேருவாள், அவள் தங்க வசதி செய்து தர வேண்டும் என்று எழுதினாள். அதன் அடியில் அப்பா விரலை அழுத்தினார்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. பெண்களுக்கு ஹாஸ்டல் கிடையாது, வரும் திங்கட்கிழமை தகப்பனார் நேரில் வந்து, பெண்ணுக்கு முழுப் பொறுப்பு ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும். நஞ்சப்பனை யாரும் வரச் சொல்லவில்லை. ஆண்பிள்ளைக்குப் பொறுப்பு எதற்கு? மார்க் ஒன்றே போதும் என்று சட்டம் போட்டவர்களுக்கு, பெண் எங்கே படுப்பாள் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது!

இனி மறைக்க வழியில்லை. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய்க் கடிதத்தை முழுசாகப் படித்தாள். பிறகு, தான் செய்ததையும் சொன்னாள். அவர் கையைக் கழுவித் துண்டில் துடைத்தார்.

"உன்னை நம்பிக் குடுத்தது காயிதத்தை இல்ல அம்மிணி, என் விரலை," என்றார். "வாயைத் தொறந்து கேட்டிருந்தா ரெண்டு நாள் சத்தம் போட்டிருப்பேன். மூணாம் நாள் நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"நெசமாலுங்களாப்பா?"

அவர் தவிட்டு வாளியை மாட்டுக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். கூட்டிக்கொண்டு போயிருப்பாரோ என்னவோ. கதவைச் சாத்திவிட்டு இப்படிச் சொல்வது எந்த அப்பனுக்கும் சுலபம். ஆனால் அவள் பாதி நம்பினாள், அந்தப் பாதிதான் அவளை அரித்தது. திங்கட்கிழமை அவர் நிலக்கடலைக் காட்டில் களையெடுக்கப் போனார். அவள் வாசலில் உட்கார்ந்து காலைப் பஸ் போவதைப் பார்த்தாள்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்த காகிதம் ஒன்றுகூட அவள் கைக்கு வரவில்லை. உறை பிரிக்காமல் போஸ்ட் மாஸ்டர் கருப்புசாமியிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னார் பொங்கியண்ணன்.

தை மாதம் தபால் தலை வாங்கப் போனவளிடம் கருப்புசாமி சிரித்துக்கொண்டே சொன்னார்: பெண் பார்த்துவிட்டுப் போன பொள்ளாச்சிக்காரர்களுக்கு அவளைப் பிடித்துவிட்டதாம், மாசி பதினாறு முகூர்த்தமாம். தன் கல்யாணத் தேதி அவளுக்கு இப்படித்தான் தெரிந்தது. பதில் போட்டாயிற்றா என்று கேட்டாள். அப்போதே எழுதி, கைநாட்டும் வாங்கி அனுப்பியாயிற்று என்றார்.

அவள் தபால் தலையை வாங்கிக்கொண்டாள். எழுதினதை அப்பா திருப்பிப் படிக்கச் சொன்னாரா என்று கேட்டாள்.

"ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னாரு அம்மிணி," என்றார் கருப்புசாமி.