உள்ளூர் ஆதார்

இசக்கிச்செல்வி பிறந்தது அச்சன்புதூரில். அப்பா மணிமுத்து ராணுவத்தில் இருந்தபோது மிசோரத்தில் கல்யாணம் செய்து கூட்டிவந்தவள் ரின்புயி. மகளுக்கு அப்பாவின் குலசாமி பேர். முகம் அப்படியே அம்மாவுடையது. தென்காசிக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. வேறு ஆள் இல்லையா என்று கேட்டுவிட்டுத்தான் பாதிப்பேர் அவள் முன்னால் உட்காருவார்கள்.

ஆடிச் சாரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள். மணிமுத்து இறந்தபின் ரின்புயி வெளியே கிளம்பியதே அன்றுதான். முழங்கால் வலிக்காரி, எண்ணெய் தேய்த்துக்கொள்ளவும் துணி மாற்றவும் ஓர் அறை வேண்டியிருந்தது.

லாட்ஜ் மேனேஜர் செல்லச்சாமி செல்வியின் ஜீன்ஸையும் ரின்புயி இடுப்பில் சுற்றியிருந்த மிசோ நெசவுத் துணியையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டார். செல்வி தமிழில் சொன்னாள். அவர் காதில் வாங்காமல், மசாஜ் பண்ணுற கூட்டம், சீசன் வந்தாப் போதும் வந்துருதுவ என்று பின்னால் நின்ற குடும்பத்தாரிடம் சொன்னார். அந்த வீட்டுப் பெண் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

செல்வி ஆதாரை நீட்டினாள்.

“இந்த மூஞ்சிக்கு இசக்கிச்செல்வியா? எங்கன அச்சடிச்சு வாங்குன?”

“தெருப்பேரு போட்டிருக்கு அண்ணாச்சி. ஊருக்குப் போன் போட்டு விசாரிங்க.”

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய்யென்று சொல்ல வழியில்லை.

“அப்ப நீ உள்ளூரு. உள்ளூரு ஆதாருக்கு இங்க ரூம் கெடையாது.”

பின்னால் நின்றவர்களுக்குச் சாவி போயிற்று.

மறுத்த காரணத்தை எழுதித் தரச் சொன்னாள். மூன்று தடவை கேட்டும் தரவில்லை. அருவிக்கரையில் நின்ற பெண் போலீசிடம் போய்ச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “சேலையக் கட்டி ஒரு பொட்டு வச்சு வந்திருந்தா இந்த வம்பே இல்லல்லா,” என்றார்.

எண்ணெய் தேய்க்காமலே இருவரும் குளித்தார்கள். முழங்காலில் தண்ணீர் அறைய, அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். துணி மாற்ற இடம் கிடைக்காமல் ஈரத்தோடே பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் எல்லோரும் ஈரம்தான். ஆனாலும் அந்த நெரிசலிலும் அவர்கள் உட்கார்ந்த மூன்று பேர் சீட்டில் ரின்புயி பக்கத்து இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

பையோடு தள்ளாடிய ஒருத்தியை ரின்புயி கூப்பிட்டாள். “இங்கன வந்து உக்காருங்க, இடம் கெடக்குல்லா.”

அச்சு அசல் அச்சன்புதூர்ப் பேச்சு. அந்தப் பெண் திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

 செல்வி போனை எடுத்து லாட்ஜ் பேர், நேரம், செல்லச்சாமி சொன்னது சொன்னபடி எழுதினாள். மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு, அதே ஜீன்ஸில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள்.