திரையில் தெரிந்த மதினி

தொண்ணூறுகளின் கடைசி. நாங்கள் பள்ளத்தூரில் குடியிருந்தோம். எனக்கு வந்த காய்ச்சல் மாதக்கணக்கில் போகவே இல்லை. காரைக்குடியில் பார்க்காத டாக்டர் இல்லை. உடம்புக்குள் எங்கேயோ சீழ் ஒளிந்திருக்கிறது, இடம்தான் பிடிபடவில்லை, விட்டால் உயிருக்கே ஆபத்து என்று சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே ஒரு வழி சொன்னார்கள். ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் சீழைத் தேடித் தாமாகவே ஓடுமாம். அவற்றைப் பிரித்தெடுத்து, துளி கதிரியக்க மருந்து சேர்த்து, திரும்ப ஏற்றினால், அவை போய்ச் சேரும் இடத்தைக் கத்தி வைக்காமலே கேமராவில் பார்த்துவிடலாமாம். ஆனால் தின்ற மாத்திரைகளால் என்னிடம் அந்த அணுக்களே குறைந்து போயிருந்தன. வேறு ஒருவர் தர வேண்டும். ரத்தம் பொருந்தியது யாருக்கு என்கிறீர்கள்? என் கணவரின் அக்காவுக்கு! மதினி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

மதினிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டுக்கு வந்தால் நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிற ஆள். அவர் வாய்க்கு என் குழம்பில் ஒருநாளும் உப்பு சரியாக இருந்ததில்லை. அவரிடம் போய்க் கேட்பதா என்று எனக்கு ரோஷம். அவரோ நான் கேட்பதற்கு முன்பே கையை நீட்டிவிட்டார்.

அவருடைய அணுக்களை எனக்கு ஏற்றிய பிறகு, கேமராவுக்குக் கீழே படுக்கும்போது தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்று அழுதேன். என் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போட்ட மதினிதான் பக்கத்தில் வந்தார்.

"கழட்டுத்தா. உசுரு இருந்தாத்தானே தாலி."

"நீங்களே இப்படிச் சொல்றீகளே மதினி" என்றேன். அவர் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து என் கழுத்தில் கட்டினார்.

குளிர்ந்த அறை. விளக்கைக் குறைத்திருந்தார்கள். காய்ச்சல் மயக்கத்தில் கண் சொருகியது. எங்கள் ஊர்ப் பெரிய வீடு ஒன்றில் மதினி நடந்து போகிறார். முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து எட்டிப் பார்க்கிறார். எங்கும் சத்தமே இல்லை. தண்ணீருக்குள் கிடப்பதுபோல சுகமாக இருந்தது.

விழித்தபோது, கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம். ஈரலிலும் மண்ணீரலிலும் தெரிவது வழக்கம்தான் என்றார் டாக்டர். வலது இடுப்புக்கு மேலே, முதுகை ஒட்டி ஒரு கொத்துக் கூடியிருந்ததே, அதுதான் நோய் ஒளிந்திருந்த இடம். அந்த வெளிச்சமெல்லாம் அவர் கொடுத்த அணுக்கள் என்று மதினியிடம் விளக்கினார். மதினி திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"ஏத்தா, உள்ள நான்தான் இருக்கேன். இனிமே பயப்படாத."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே சீழை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. அந்த அணுக்கள் சில நாளிலேயே அழிந்துபோயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். நாங்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் கோபம் தலைக்கேறும்போதெல்லாம், என் உயிரைத் தேடி என் உடம்புக்குள்ளேயே வந்துபோனவரை எந்த வாசலில் நிறுத்தி வெளியே போகச் சொல்வது என்று மனசு தானாக அடங்கிவிடுகிறது.