ஐந்து முடி நாற்று

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மாதர் கூட்டத்தில் ஜெபம் பண்ணச் சொன்னாலே தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொள்கிறவள். நாலு பேர் வாசிக்கும்படி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் மன்னிக்க வேண்டும். ஒரு விஷயம் நாற்பது வருஷமாக என்னை ஓரிடத்தில் உட்காரவிடாமல் அரிக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆட்டுரல் சுற்றும் கரகரப்பும் அதற்கு மேலே ஏறி வரும் அம்மாவின் பாட்டும்தான் முதலில் காதில் கேட்கிறது. அப்பா திருவாதவூர்ப் பக்கம் ஒரு சிறிய கிறிஸ்தவ சபைக்கு உபதேசியார், குருவானவருக்குக் கீழே ஜெபம் நடத்தி வேதம் சொல்லிக்கொடுப்பவர். காய்ச்சலில் கிடப்பவன் தலைமாட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். வரப்புத் தகராறில் பேச்சு விட்டுப்போன அண்ணன் தம்பியை ஒரே பாயில் உட்காரவைத்துவிடுவார். ஆனால் புத்தகத்தில் வரிசையாக இருப்பது மட்டும் அவர் மனதில் வரிசையாக நிற்காது.

அந்த நாளில் கோடை தோறும் உபதேசிமார் எல்லோரும் மதுரைக்கு வந்து வேதபரீட்சை எழுத வேண்டும். அவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய மனைவிமாரும் அதே அறையில், அதே கேள்விகளுக்கு எழுத வேண்டும் என்பது வழக்கம். அப்பா அடுத்தடுத்து இரண்டு வருஷம் தவறியிருந்தார். மூன்றாவது முறையும் தவறினால் வேலை போய்விடும். அதோடு நாங்கள் குடியிருந்த மிஷன் வீடும் போய்விடும்.

அம்மா கல்யாணத்துக்கு முன்பு அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். எழுத்தையே அப்பாவிடம்தான் படித்தாள். பரீட்சைக்கு முக்கியமான பாடம் 'இரட்சிப்பின் ஒழுங்கு', அதாவது கடவுள் மனிதனை மீட்கும் படிகள். அதை அவள் நடவுப் பாட்டு மெட்டில் போட்டுவிட்டாள். நாற்றைப் பறித்துக் கட்டும் சிறு கட்டுக்கு எங்கள் பக்கம் 'முடி' என்று பெயர். "மொத முடி அழைப்பு, ரெண்டாம் முடி மனந்திரும்புதல், மூணாம் முடி நீதிமானாக்கல், நாலாம் முடி பரிசுத்தம், அஞ்சாம் முடி மகிமை" என்று மாவு ஆட்டும்போதும் பாடுவாள், தம்பியைத் தூங்கவைக்கும்போதும் பாடுவாள். கூடவே சொல்லிப் பார்க்கும் அப்பா மூன்றாம் முடியில் வந்து நின்றுவிடுவார்.

"பாட்டாப் படிச்சோம்னு தெரிஞ்சா ஐயர் சிரிப்பாரு, ஞானம்" என்பார். குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்.

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாரு. தாளுக்கு மெட்டா கேக்கப் போகுது?" என்பாள் அம்மா.

அந்த வருஷம் முதல்நாளே மதுரைக்கு வந்து கோரிப்பாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் பரீட்சைக்குப் போனோம். வாசலிலேயே பக்கத்து ஊர் உபதேசியார் ஒருவர் பிடித்துக்கொண்டார். "என்ன மாப்ள, மூணாந்தடவையா? பெஞ்சே ஒன்னயப் பாத்து எந்திரிச்சுத் தோத்திரம் சொல்லுதேப்பா!"

"நீயும் சொல்லிப் பழகிக்க" என்று அப்பா சிரித்தார். ஆனால் அவர் கை துண்டின் முனையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாகவே இருந்தது.

எனக்கு ஒன்பது வயது. ஏழு மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் சன்னலோரம் நின்றேன். ஐயர் கேள்விகளைச் சத்தமாக வாசித்தார். முதல் கேள்வியே இரட்சிப்பின் ஒழுங்குதான். அம்மாவின் பேனா நிற்காமல் ஓடியது. அப்பா இரண்டு வரி எழுதினார், மோட்டு வளையைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. மறுபடி மோட்டு வளை, மறுபடி உதடு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தப் பக்கம் நடந்தேன், அந்தப் பக்கம் நடந்தேன், சன்னலுக்குத் திரும்பி வந்தேன். அந்த இரண்டு வரிக்குக் கீழே அப்பாவின் தாள் அப்படியே வெள்ளையாக இருந்தது.

தம்பியின் தொடையில் அழுத்திக் கிள்ளினேன்.

அவன் வீறிட்டதில் அறையே திரும்பிப் பார்த்தது. ஐயர் தலையசைக்க, அம்மா எழுந்து வந்து பிள்ளையை வாங்கினாள். அவன் எந்தப் பாட்டுக்கு அடங்குவான் என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் கிள்ளினேன். அம்மா தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே முதல் முடியிலிருந்து ஐந்தாம் முடி வரை மெல்லப் பாடினாள். சன்னல் திறந்துதான் இருந்தது. அப்பாவின் உதடு அசைவது நின்றது. பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் கேள்விக்கு அதன் பிறகு அவர் அதை எடுக்கவே இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அம்மா கேட்டாள்: "மொதக் கேள்வி எழுதுனீகளா?"

"இல்ல."

"ஏன், நான் பாடுனது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. அதான் எழுதல."

"நான் பிள்ளைக்குத்தான பாடுனேன்!"

"தெரியும். அப்பத்தான் மூணாவது எனக்கு ஞாபகத்துக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு, ஞானம். நீ பாடுனதும் எது என்னோடது, எது ஒன்னோடதுன்னு தெரியாமப் போச்சு."

அம்மாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இனாமாக் கெடைக்கிறதுதான் கிருபைன்னு ஞாயித்துக்கெழம ஊருக்கே சொல்லுவீக. ஒருநாளு ஒங்க காதுல இனாமா விழுந்தா வேணாங்கிறீக. இப்பப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போறது?"

அப்பா தம்பியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். தொடையில் சிவந்திருந்ததைப் பார்த்து, "எறும்பு கடிச்சிருக்கு போல" என்றார். நான் "ஆமாப்பா" என்றேன்.

இப்போது அந்தப் பரீட்சை கிடையாது. உபதேசிமார் மனைவிகளிடம் யாரும் இறையியல் கேட்பதில்லை. அந்த அறையை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நான் சும்மா நின்றிருந்தால் மூன்றாவது அவருக்கு வந்திருக்குமா, வந்திருந்தால் நாலும் ஐந்தும் தானாக வந்திருக்குமா என்று இன்றைக்கும் கோயிலில் உட்கார்ந்திருக்கும்போது நினைப்பு ஓடும். எழுந்து வெளியே வந்துவிடுவேன். எறும்பு இல்லை, நான்தான் என்று கடைசிவரை அப்பாவிடம் சொல்லவில்லை.

பரீட்சைக்கு மறுநாள் காலை ஐயர் தேறியவர்களின் பெயர்களை வாசித்தார். மனைவிமார் பட்டியலில் அம்மா முதலாவதாக வந்திருந்தாள். உபதேசிமார் பட்டியலில் அப்பாவின் பெயர் இல்லை. வண்டி பிடித்து ஊர் போய்ச் சேர்ந்து, சாமான்களைக் கட்ட ஆரம்பித்தோம்.