குற்றாலத்தில் பட்ட கண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதக் கடைசியில், என் கணவருக்கு வேலூரிலிருந்து மாற்றலாகி நாங்கள் தென்காசியில் வந்து இறங்கினோம். அப்போது நான் முழுகாமல் இருந்தேன். இரண்டாவது மாதம். அந்தச் செய்தி எனக்கும் அவருக்கும் என் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மாமியார் வீட்டுக்குக்கூட மூச்சு விடவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. முந்தைய வருடம் இதேபோல் உண்டானபோது, நாள் தள்ளிப்போன சந்தோஷத்திலேயே சொந்தம், தெரு, ஆபீஸ் என்று எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடிவிட்டோம். மூன்றாம் மாதம் அது தங்கவில்லை. ஸ்வீட் சாப்பிட்ட அத்தனை பேரும் வரிசையாக வந்து துக்கம் விசாரித்தார்கள். "யார் கண்ணு பட்டுதோ" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

இந்த முறை போனில் தினமும் அதே பாட்டு. "ஸ்கேன்ல துடிப்பு பாக்கற வரைக்கும் யார்கிட்டயும் வாயத் திறக்காத. கொழந்த இல்லாதவங்க முன்னாடி எதையும் சாப்பிடாத." எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று வீம்பு பேசியவள்தான் நான். ஆனால் ஒரு தடவை பறிகொடுத்தவளுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் பயம் இருக்கும். சரி சரி என்று தலையாட்டினேன்.

வெயிலிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தென்காசி ஒரு அதிசயமாக இருந்தது. மழை என்றால் இடி இடிக்கும், கொட்டும், நிற்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இங்கேயோ வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சல்லடையில் சலித்த மாதிரி தண்ணீர் காற்றில் மிதந்து வந்து முகத்தில் ஒட்டும். சாரல் என்றார்கள். காயப்போட்ட துணி காயவே காயாது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது. மொட்டை மாடியில் ஏறி நின்றால் எதிரே மலை. அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருக்கும். இந்த ஊரில் ஒருவரையொருவர் பார்த்தால் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை, "அருவில தண்ணி விழுதா?" என்றுதான் கேட்கிறார்கள்.

நான் மட்டும் சாப்பிட முடியாமல் தவித்தேன். குக்கர் விசில் அடித்தால் குமட்டும். தாளிக்கிற வாசனை வந்தால் வாசலுக்கு ஓடுவேன். பக்கத்து வீட்டு அக்கா வாஞ்சையோடு கொண்டுவந்து கொடுத்த தேங்காய்ப்பால் சொதியை அவர் போனபிறகு என் கணவர்தான் காலி செய்தார். வயிற்றில் எதுவும் நிற்கவில்லை. உள்ளே இருப்பது மட்டும் நின்றால் போதும் என்று கும்பிட்டுக்கொண்டே படுத்துக் கிடந்தேன்.

ஸ்கேனுக்கு ஒரு வாரம் இருந்தபோது, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதே என்று அவர் என்னைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். குளிக்கக் கூடாது, தூரத்தில் நின்று பார்ப்பது மட்டும்தான் என்று ஒப்பந்தம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சத்தம் கேட்டது. அருவி முன்னால் போய் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். அவ்வளவு உயரத்திலிருந்து, அவ்வளவு தண்ணீர், யாரும் கேட்காமலே கொட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஏனோ அழுகை வந்தது. பயத்தினால் இல்லை.

திரும்பி வரும் வழியில் பழக்கடைகள். மங்குஸ்தான், ரம்புட்டான் என்று நான் அதுவரை கண்ணால் பார்க்காத பழங்களெல்லாம் குவிந்து கிடந்தன. அங்கே ஒரு கடையிலிருந்து ஒரு வாசனை வந்தது. என் கணவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ வாயில் எச்சில் ஊறியது. எத்தனையோ நாள் கழித்து முதன்முதலாகப் பசித்தது.

"அண்ணாச்சி, அது என்ன வாசனை?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"வாசனைன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாம்மா. எல்லாரும் நாத்தம்னுதான் சொல்லுவாவ" என்று சிரித்தபடி, முள் முள்ளாக இருந்த ஒரு பழத்தை எடுத்துக் காட்டினார். துரியன் பழம். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிள்ளைக்காகத்தான வந்திருக்கிய? சங்கடப்படாதிய. இதுக்குன்னே எங்கெங்கயிருந்தோ வருதாவ. மலையில இப்பந்தான் விழ ஆரம்பிச்சிருக்கு. இது ஒண்ணுதான் இருக்கு."

பிள்ளையில்லாத தம்பதிகள் பிள்ளை வேண்டும் என்று சாப்பிடுகிற பழமாம் அது. என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைக் கிள்ளினேன். ரகசியம் காப்பாற்ற இதைவிட வசதி ஏது? பழம் அவர் கைக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு தம்பதி சாரலில் நடந்து வந்தார்கள். அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய கணவர் குடையைத் தனக்குப் பிடிக்காமல் மனைவிக்கு மட்டும் பிடித்திருந்தார். ஆலங்குளம் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார்கள்.

"பழம் வந்திருக்கா அண்ணாச்சி?" என்றார் அந்த அக்கா.

"இருந்த ஒண்ணையும் இப்பந்தான இவங்க வாங்குனாவ" என்று கடைக்காரர் சங்கடப்பட்டார்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இருக்கட்டும். சின்னஞ்சிறுசுக, அவங்க சாப்பிடட்டும். நான் எத்தனையோ சீசனா வாரேன். இன்னொரு நா வந்தா என்ன?"

அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. அம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் வந்து தடுத்தது. ஆனால் பொய்யாக வாங்கிய அந்தப் பழத்தோடு நடந்து போனால், அது மட்டும் எப்படி என் வயிற்றில் தங்கும் என்று தோன்றியது.

"அக்கா, நான் பிள்ளை வேணும்னு இதை வாங்கல. எனக்கு ரெண்டு மாசம். அடுத்த வாரம்தான் ஸ்கேன். எதைச் சாப்பிட்டாலும் வெளியே வந்துடுது. இந்த வாசனைக்குத்தான் பசி எடுத்துச்சு. இது உங்களுக்குத்தான் வேணும், நீங்க எடுத்துக்கோங்க" என்று படபடவென்று சொல்லிவிட்டேன்.

அக்காவின் கண்கள் என் வயிற்றுக்குப் போயின. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாயைக் கொடுத்து வினையை வாங்கிக்கொண்டோமோ என்று பயந்துபோனேன்.

முகத்தைத் திருப்பியபடியே அவர் கடைக்காரரிடம் சொன்னார். "அண்ணாச்சி, அத இங்கனயே வெட்டுங்க."

"பிள்ளைக்குன்னு வாங்குறத புருசனும் பொண்டாட்டியுந்தாம்மா திங்கணும். பங்கு போட்டா பலிக்காதும்பாவ."

"வயித்துல பிள்ளையோட ஒருத்தி பசிச்சி நிக்கா. அவள விட்டுட்டு நான் தின்னா மட்டும் பலிச்சிருமா? வெட்டுங்க."

கடைக்காரர் வெட்டினார். வெண்ணெய் போல வெளிர் மஞ்சளாகச் சுளை. அக்கா ஒன்றை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமலே என் கையில் வைத்தார். பிறகு கடையின் ஓரத்துக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி அருவிப் பக்கம் பார்த்து நின்றுகொண்டார்.

"ஏன்க்கா அங்க போயிட்டீங்க?"

"நீ சாப்பிடு தங்கச்சி. நான் பாக்கல. உண்டானவ சாப்பிடும்போது நான் பாக்கப்பிடாதுல்லா. வளைகாப்பு வீட்டுக்குப் போனாக்கூட பின்னாலதான் நிப்பேன்."

குறையாகச் சொல்லவில்லை. ஊருக்கு வழி சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். அவர் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு குடையை மட்டும் சரியாகப் பிடித்தார். எனக்கு உடம்பு கூசியது. என் அம்மா எனக்குச் சொன்னதைத்தான் யாரோ இவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒளிக்கப் பழகினேன், இவர் முகத்தைத் திருப்பப் பழகியிருக்கிறார்.

நான் போய் அவர் கையைப் பிடித்தேன். "என்னைப் பாருங்கக்கா. நீங்க பாக்கலன்னா நான் சாப்பிட மாட்டேன்."

"வேண்டாம்மா, சொன்னாக் கேளு."

"பாத்துக்கிட்டே இருங்கக்கா."

தயங்கித் தயங்கித் திரும்பினார். நான் சுளையை வாயில் வைத்தேன். அவர் பார்த்தார். அதுவரை என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அதன் பிறகும் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் அருவி முன்னால் நான் எப்படி நின்றேனோ, அப்படி நின்று அவர் என்னைப் பார்த்தார். ஒன்றுமே தெரியாத என் தட்டை வயிற்றைத்தான்.

"குமட்டுதா?"

"இல்லக்கா."

"இன்னொண்ணு சாப்பிடு."

சாப்பிட்டேன். தங்கியது. அவர் தன் சேலைத் தலைப்பால் என் வாயைத் துடைத்துவிட்டார். மீதிச் சுளைகளை நாங்கள் வற்புறுத்தி அவர்களிடமே கொடுத்தோம். பஸ்ஸுக்குப் போகும்போது, "துடிப்பு பாக்கும்போது என்னையும் ஒருக்கா நெனச்சிக்கோ" என்றார். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் ஸ்கேன் அறையின் திரையில் துளியூண்டு ஒன்று விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. என் கணவர் என் கையைப் பிடித்திருந்தார். நான் அந்த அக்காவை நினைத்துக்கொண்டேன்.

மறு சீசனில் கைக்குழந்தையோடு அதே கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு எங்களை ஞாபகம் இருந்தது. அந்த அக்கா அந்த வருடம் வரவே இல்லையாம். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "வரலன்னா நல்ல சேதியாக்கூட இருக்கும்லாம்மா" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்கு மறுபடி மாற்றலாகிவிட்டது.

இப்போதும் வெள்ளிக்கிழமை தோறும் என் மகளை உட்கார வைத்து அம்மா திருஷ்டி கழிக்கிறார். பார்த்தவர்கள் கண்ணெல்லாம் போகட்டும் என்று அவர் உப்பைச் சுற்றும்போது, எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் மேல் பட்ட அந்தக் கண் மட்டும் என்றைக்கும் போகாமல் இருக்கட்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொள்கிறேன்.