பதினேழாம் நாள்

பல நாள் எரியாமல் கிடந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைக்கும்போது முதலில் ஒரு புகை எழும்பும். தூசியும் துருவும் பழைய எண்ணெயும் சேர்ந்து கருகுகிற அந்த வாசனை கண்ணைக் கரித்து, தொண்டைக்குள் இறங்கி, சட்டையிலும் தங்கிவிடும். என் சிறு வயதில் அப்பா அந்த வாசனையோடுதான் மதியங்களில் வீடு திரும்புவார். அவர் ஓசூரில், சிப்காட் கம்பெனிகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சின்னச் சபைக்குப் போதகராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் அவருக்குச் சுமாராகத்தான் வரும், பாட்டு சுத்தமாக வராது. ஆனால் துக்க வீட்டில் உட்காரத் தெரிந்த மனிதர் அவர்.

"மொத நாளுக்கு ஊரே வரும். பதினேழாம் நாளுக்குத்தான் ஆள் கெடையாது" என்பார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, வாடகை நாற்காலிகளை டெம்போவில் ஏற்றி அனுப்பிய மறுநாள், சொந்தக்காரர்கள் சேலத்துக்கும் தருமபுரிக்கும் பஸ் ஏறிவிட்ட பிறகு, செத்தவரின் செருப்பு மட்டும் வாசலில் கிடக்கிற அந்த நாளில்தான் அப்பாவின் சைக்கிள் அங்கே போய் நிற்கும். இந்து வீடானால் பைபிள் பையை விட்டு வெளியே வராது. பாயோ தரையோ, காட்டிய இடத்தில் உட்கார்ந்து, நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, கம்பெனிச் சங்கு மதியத்துக்கு ஊதியதும் மெல்லச் சொல்வார்: "பசிக்குதும்மா. எதாச்சும் இருந்தாக் குடேன்."

அவ்வளவுதான் அவருடைய ஊழியம். ஒரு பள்ளி விடுமுறையில் கூடப் போனபோது பார்த்தேன். புருஷனை இழந்த ஒரு பெண், அப்பா பசியென்று கேட்டதும் பதறி எழுந்து, தீப்பெட்டியைக் காணாமல் தேடி, ஸ்டவ் துளையில் பின் ஊசி குத்தி, பம்ப் அடித்து, புகையில் இருமி, கடைசியில் "உப்பு எங்க வெச்சன்னே தெரியிலிங்க பாஸ்டரய்யா" என்று சிரித்தேவிட்டாள். சிரித்ததற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். உப்பில்லாத உப்புமாவை அப்பா ஒரு பருக்கை விடாமல் தின்றார். காலையில் வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டுத்தான் கிளம்பியிருந்தார். சில நாள் இரண்டு வீடு, சில நாள் மூன்று. அவருடைய தொப்பையைப் பார்த்து அம்மா, "ஊரு துக்கமெல்லாம் உங்க வயித்துலதாங்க கெடக்குது" என்பாள். "எறக்கி வெக்க எடம் இல்லையே, என்ன செய்ய" என்று அவர் ஏப்பம் விடுவார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் என் தம்பி ஜோயல் செத்துப்போனான். மூளைக்காய்ச்சல், மூன்றே நாள். அவனுக்கு அஞ்சு வயது.

சபைக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு கேரியரில் சோறு கொண்டுவந்தார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு கேரியர்கள் நின்றுபோயின. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆண்ட்டி எனக்குத் தட்டில் போட்டுக் கொடுப்பார்; அம்மாவுக்கும் வைப்பார்; அம்மா இரண்டு வாய் தின்பாள். எங்கள் ஸ்டவ் எரியவில்லை. பின்வாசல் படியில், கொடிக்கயிற்றைப் பார்த்தபடி அம்மா உட்கார்ந்திருப்பாள். கயிற்றில் தம்பியின் நீலச் சட்டை தொங்கியது. காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் துவைத்துப் போட்டது. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் வெளுத்துக்கொண்டிருந்த அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. மாடத்தில் அவனுக்கென்று வாங்கிவைத்த "பொறை" ரொட்டி டப்பா இருந்தது. யாரும் பார்க்காதபோது, மதியத்துக்கு ஒன்றாக, நான் அதைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தேன். கடிக்கிற சத்தம் கேட்டுவிடுமோ என்று வாயில் ஊறவைத்தே விழுங்குவேன்.

பதினேழாம் நாளை நான் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தேன். அப்பா அன்று சொல்வார், அம்மா எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைப்பாள், எல்லாம் சரியாகிவிடும். சங்கு ஊதியது. அப்பா வந்து அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

"எங்கிட்ட மட்டும் அதச் சொல்லிடாதீங்க" என்றாள் அம்மா, கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "வயிறு நெறயத் தின்னுட்டுப் போயி பசின்னு சொல்றவரு நீங்க. ஆக்கிப் போட்டு அனுப்புனவ நானு. எனக்குத் தெரியாதா?"

அப்பா எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அவர் எங்குமே சாப்பிடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆண்ட்டியின் தட்டை "வெளில ஆச்சும்மா" என்று தள்ளிவிட்டு, கடை டீயைக் குடித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். துக்க வீடுகளுக்குப் போனார், உட்கார்ந்தார், சங்கு ஊதினால் எழுந்து வந்தார். மனைவியிடம் ஒரு பொய்யைச் சொல்லக்கூடாது என்பதற்காக அதை உண்மையாக்கப் பார்த்திருக்கிறார் என்பது பெரியவளான பிறகுதான் எனக்கு எட்டியது. அப்போது நான் பார்த்தது ஒன்றுதான்: ஒரு காலையில் வாசல்படியில் வைத்துத் தன் பெல்ட்டில் ஆணியடித்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். நாலு நாள் கழித்து இன்னொன்று.

பட்டினியின் ஆறாம் நாள் அவர் போனது தொரப்பள்ளிப் பக்கம், சென்னம்மா என்பவரின் வீட்டுக்கு. கூலி வேலைக்குப் போகிறவர். அவருடைய மகன் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவன். ஷிப்டு முடிந்து ஹைவேயைத் தாண்டும்போது லாரி அடித்துவிட்டது. பாஸ்டரய்யா எந்த வீட்டிலும் கை நனைப்பார் என்று கேள்விப்பட்டிருந்த சென்னம்மா, அவர் கேட்பதற்கு முன்பே அடுப்பை மூட்டிக் களி கிண்டி, அவரைக்கொட்டைச் சாறு வைத்துக் காத்திருந்தார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "இன்னொரு நாள் வரேம்மா" என்று எழுந்துவிட்டார். ஊர்த் தெருவில் தண்ணீரைத் தூக்கி ஊற்றக் கையேந்திக் குடித்தே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, தன் வீட்டுக் களியை விட்டு எழுந்து போகிற முதுகுக்கு என்ன அர்த்தம் என்று அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். பசி அன்று அதை மறக்கடித்திருக்க வேண்டும்.

மறுநாள் பகல், துணியில் கட்டிய தூக்குப்போசியில் களியும் சாறுமாகச் சென்னம்மா எங்கள் பின்வாசலில் வந்து நின்றார்.

"பாஸ்டரு சம்சாரம் நீங்கதான? எம்புள்ள போயி பதினாறு நாளு பத்தாத அடுப்புங்க. உங்கூட்டய்யாவுக்குன்னு பத்தவெச்சன். அவரு கையக்கூட நனைக்கல. எங்கூட்டுது எறங்காதுன்னா வாசல்லயே நின்னுருக்கலாம் இல்லீங்களா? உள்ள வந்து குந்திட்டு எழுந்து போறதுதாங்க வலிக்குது. அதான், வூட்டுல வெச்சாவது தின்றாரான்னு பாக்க வந்தன்."

அம்மா திகைத்துப் போனாள். "அவரு அப்பிடிப்பட்ட ஆளு இல்லீங்களே. எல்லா வூட்லயும் சாப்புடுவாரே."

"அப்பா எங்கயும் சாப்பிடறதில்லம்மா" என்றேன் நான். "பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்காரு."

அம்மா என்னைப் பார்த்தாள். இருபத்துமூன்று நாளில் முதல்முறையாகப் பார்த்தாள். சென்னம்மாவின் கண் அதற்குள் கொடிக்கயிற்றுக்குப் போயிருந்தது. வெளுத்த சின்னச் சட்டையை விட்டு அது திரும்பவில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை.

"எத்தினி வயசுங்க?"

"அஞ்சு."

"என்னுது இருவத்தொண்ணு" என்று சொல்லி, படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா எழுந்து, தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். "ஆணியடிக்கிறாராம், ஆணி" என்று பல்லைக் கடித்துக்கொண்டே ஸ்டவ்வில் பின் ஊசி குத்துகிற சத்தமும், பம்ப் அடிக்கிற சத்தமும் கேட்டன. பிறகு அந்தப் புகை வந்தது. சங்கு ஊதி அப்பா உள்ளே வந்தபோது வீடு முழுக்கப் புகையாக இருந்தது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பசிக்குது" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அம்மா தட்டு வைத்தாள். அப்பாவுக்கு, சென்னம்மாவுக்கு, எனக்கு, தனக்கு. பழக்கத்தில் அஞ்சாவதாகத் தம்பியின் சின்னத் தட்டையும் வைத்துவிட்டாள். எடுக்கவும் முடியாமல் கை அதன் மேலேயே நின்றது. சென்னம்மா களியில் இரண்டு கிள்ளு கிள்ளி அந்தத் தட்டில் வைத்தார், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. செத்தவர்களுக்குப் படைப்பது எங்கள் சபையில் பெரிய குற்றம். அப்பாவே அதற்கு எதிராகப் பிரசங்கம் செய்திருக்கிறார். அவர் அந்தத் தட்டைப் பார்த்தார். கண்ணை மூடி, அதன் மேலேயே ஜெபித்தார். நான் ஓடிப்போய் டப்பாவில் மிச்சமிருந்த ஒரே பொறையை எடுத்துவந்து தட்டில் வைத்தேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை; சென்னம்மா தட்டைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் வைத்தார். சாப்பிட்டு முடித்துப் பார்த்தபோது, அது காலியாக இருந்தது. காக்காய் கத்தியதாக எனக்கு நினைவில்லை.

அம்மா போய்ப் பல வருஷமாயிற்று. அப்பா இந்த வருஷம் போனார். தகரக் கூரைச் சபை இருந்த இடத்தில் குடோன் நிற்கிறது. ஊருக்கே நேரம் சொன்ன சங்கு நின்றுபோய், ஆட்களின் விரலை மெஷின் படித்துக்கொள்கிறது. துக்கம் விசாரிப்பவர்கள் போனில் கூப்பிய கைகளை அனுப்புகிறார்கள். அப்பாவின் பதினேழாம் நாளன்று நான் லீவு போட்டுவிட்டு, ஏழாவது மாடியில் என் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். மகன் வெளியூரில் படிக்கிறான். வீட்டில் நான் மட்டும்தான். ஆணி போட்ட ஓட்டைகள் இரண்டும் கோணலாகத் தெரிய, அவருடைய பெல்ட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பையன் தவறி என் வாசலில் நின்று, நம்பரைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். பிறகு லிஃப்ட் சத்தமும் நின்றுவிட்டது.

மதியம் பன்னிரண்டைத் தாண்டியபோது கண் கரித்தது. தூசியும் துருவும் பழைய எண்ணெயும் கருகுகிற வாசனை. இந்தக் கட்டடத்தில் யாரிடமும் மண்ணெண்ணெய் கிடையாது.

எழுந்துபோய் அரிசி களைந்து வைத்தேன். ஒருத்திக்கு அது ரொம்ப அதிகம்.