செல்வத்தின் வலையைக் காப்பாற்றிய என் வார்த்தை

கடல் மாறப்போகிறது என்று நான் அப்போதே சொன்னேன். மயிலாப்பூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சிரிப்பார்கள், ஆனால் முதலில் சொன்னது நான்தான்.

இன்று காலை மீன் வாங்க பெசன்ட் நகர் குப்பத்துக்குப் போனேன். எனக்கு வழக்கமாக மீன் தரும் செல்வம், வலையைப் படகில் ஏற்றாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

“இன்னா செல்வம், கிளம்பலயா?”

“தண்ணி தெக்கால இழுக்குது சார். இந்த மாசத்துல வடக்காலதான் போவணும். முன்னெல்லாம் கணக்கு தப்பாது. இப்போ தெனம் எறங்கிக் காலால பாத்துட்டுதான் வலை எடுக்குறோம். போன வருசம் பாக்காம வுட்டு, இருந்த வலை மொத்தமும் பாறையில மாட்டிக் கிழிஞ்சி பூட்ச்சி.”

அவர் மனைவி மேரி உடனே திருவான்மியூர் ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். “அண்ணே, தண்ணி திரும்பிக்கீது. வலை போடாதீங்க.”

நான் செல்வத்தின் தோளில் கைவைத்துக் கம்பீரமாகச் சொன்னேன்: “போவாதப்பா. இன்னிக்குக் கடல் சரியில்ல.”

அவர் போகவில்லை. துணிந்து போன ஒரு படகு ஒன்பது மணிக்குக் கிழிந்த வலையோடு திரும்பியது.

மேரி என்னைப் பார்த்து, “இன்னா சார், இனிமே உன்னைக் கேட்டுக்கினே கடலுக்குப் போலாமா?” என்றார்.

மேரியும் இதைப் படிப்பார் என்பதால் ஒரே ஒரு திருத்தம். நான் “போவாதப்பா” என்று சொல்லவில்லை. “வெயில் நல்லா அடிக்குது, சும்மா போய்ட்டு வாப்பா, வீட்டுல சங்கரா மீன் கேட்டாங்க” என்றுதான் சொன்னேன்.

மற்றதெல்லாம் நான் கணித்தபடியே நடந்தது. மறுப்பவர்கள் கீழே கமெண்டில் வரலாம்.