கழுத்திலிருந்து கழற்றிய மாலை

தேர்தலில் வக்கீல் தோற்றுவிட்டார் என்ற செய்தி வந்தபோது கண்ணாயிரம் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். பொழுது சாய்கிற நேரம். வரப்போரம் சைக்கிளை நிறுத்திய ஊர்ப் பையன் தனசேகரன், "மாமா, ரேடியோவுல சொல்லிட்டான். உங்காளு காலி" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மால எடுத்துக்கினு துக்கம் கேக்கப் போவலியா?" என்றும் கேட்டான்.

கண்ணாயிரம் வாய்க்காலில் இறங்கினார். மண்வெட்டியைக் கழுவினார்.

மீசை முளைக்கும் முன்பே கட்சிக்குக் கொடி கட்டியவர். கலியாணத்தன்றும் கட்சிக்கரை வேட்டிதான். வடக்கனந்தல் பக்கம் ஒரு கிளைச் செயலாளர். அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சாதிச் சங்கம் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடத்தியபோது, அவருடைய அக்காள் கொளஞ்சியம்மாளின் ஒரே மகன் பழனி செத்துப்போனான். கள்ளக்குறிச்சி ரோட்டை அடைக்கப் புளியமரம் வெட்டினார்கள். மரம் சாய்ந்த பக்கம் அவன் நின்றிருந்தான். உயிர் இருந்தது. வண்டியும் இருந்தது. ரோடுதான் இல்லை. தாங்களே வெட்டிப்போட்ட மரங்களைத் தாண்டித் தாண்டிக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தலைமாட்டைப் பிடித்திருந்தவர் தாய்மாமன் கண்ணாயிரம். "மாமா, தண்ணி" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

கட்சியிலிருந்து யாரும் வரவில்லை. சங்கத்து மறியலில் செத்தவன் வீட்டுக்குப் போனால் கட்சி மேலிடத்தில் பொல்லாப்பு என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

"உன் கட்சிக்காரன் ஒருத்தனாச்சும் எட்டிப் பாத்தானாடா?" அக்காள் ஒரே முறைதான் கேட்டாள். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. அவர் வாசலுக்கு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். "வருவாங்கக்கா" என்று கதவிடம் சொல்லிவிட்டுத் திரும்புவார்.

நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வேட்பாளர் ஒரு வக்கீல். கண்ணாயிரம் அவரிடம் கெஞ்சினார்: "அந்த வூட்டுல ஓட்டு கேக்காதீங்க. துக்கம் மட்டும் கேளுங்க. எங்கக்கா என்னோட பேசணும்ங்க."

வக்கீல் ஒத்துக்கொண்டார். மைக் செட்டு, வெடி, ஆரத்தி எல்லாவற்றையும் கண்ணாயிரமே பார்த்துக்கொண்டார். அக்காள் வீட்டில் வக்கீல் பின்னால் கூட்டம் நெருக்கியடித்து நுழைந்ததில் கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. வக்கீல் ஒரு வார்த்தை ஓட்டுப் பேசவில்லை. பழனியின் படத்தின் முன் நின்றார். கண் கலங்கியது. மாலைக்காகப் பக்கத்தில் கை நீட்டினார்.

துக்கத்துக்குப் போகிறவர் கையில் மாலை இருக்க வேண்டும். அதை வாங்க மட்டும் கண்ணாயிரம் மறந்திருந்தார்.

நீட்டிய கை வெறுமனே நின்றது. வக்கீல், முன்தெருவில் ஆரத்தி எடுத்தவர்கள் போட்ட சாமந்தி மாலையைத் தன் கழுத்திலிருந்து கழற்றிப் படத்துக்குப் போட்டார்.

கொளஞ்சியம்மாள் அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "ஒருத்தர் கழுத்துல கெடந்தது எம்புள்ளைக்கு வேணாங்க. போட்டுக்கினு போங்க. இன்னும் நாலு தெரு பாக்கி இருக்குதில்ல?"

அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் நின்ற பெண்கள் சொன்னார்கள். இருட்டுவதற்குள் பேச்சு பக்கத்துக் கச்சிராயபாளையம் வரை போய்விட்டது. பிள்ளைகளை மறியலுக்கு அனுப்பிய வீடுகளில் அப்புறம் நோட்டீசைக்கூட வாங்கவில்லை. தோல்விக்குக் கூட்டணி, பணம் என்று பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். தன் ஊர் ஓட்டு எங்கே போனது என்பது கண்ணாயிரத்துக்குத் தெரியும்.

ரேடியோ செய்தி வந்த அன்று இருட்டியதும், புதுத் தாழ்ப்பாள் ஒன்றை எடுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனார். அவள் எழுந்து போகவில்லை.

"தோத்துட்டாராமே."

"ஆமாங்க்கா."

"அவருக்குக் கண்ணு கலங்குச்சு. பாத்தேன்." படத்தின் பக்கம் திரும்பினாள். "அவருக்கு இன்னா தெரியும், வேத்தாளு. நீ தாய்மாமன்டா. ஒரு மால உனக்கு ஞாபகம் வரல."

அவர் குனிந்து திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"வுடு. பூட்டி வெச்சுக்க இங்க இன்னா இருக்குது? நீ போ."

அவர் எழுந்து போனபோது தாழ்ப்பாளில் மேல் திருகாணிகள் இரண்டு மட்டும் ஏறியிருந்தன. கீழ்த் துளைகள் இரண்டும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.